பிடிபடாதவரின் முதுகு

“என்னைத் துரத்திப் பிடிச்சு என் முதுகுல ஒரு விரல் வைக்கிறதுக்கு இனிமேதான் ஒருத்தன் பொறந்து வரணும்! அவன் பொறந்து, தவழ்ந்து, நடந்து, ஓடக் கத்துக்கிற வரைக்கும் காத்திருக்க நான் ரெடி. ஆனா ஒண்ணு, நின்னு காத்திருக்க மாட்டேன். ஓடிக்கிட்டேதான் காத்திருப்பேன்!”

உலக வரலாற்றில் இடம்பெற வேண்டிய இந்தப் பிரகடனம், வியாபாரிகள் சங்கத்தின் மாடி அறையில், இரண்டு மின்விசிறிகளில் ஒன்று மட்டும் சுற்றிக்கொண்டிருந்த ஒரு மாலையில் வெளியிடப்பட்டது. வெளியிட்டவர் சலவைக்கடைக்காரர். ஒரு கை குறைந்தவர்களுக்கான தேசிய நூறு மீட்டர் ஓட்டத்தில் முதலாவதாக வந்ததற்காகச் சங்கத்தார் அவருக்கு ஒரு சுவர்க்கடிகாரம் பரிசளித்தார்கள். கடிகாரத்தை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லி இறங்குவதுதான் ஏற்பாடு. ஆனால் மைக் கைக்கு வந்துவிட்டது. மைக் கைக்கு வந்தபின் ஒழுங்காக இறங்கிப்போன மனிதனை அந்தத் தெரு இன்னும் பார்த்ததில்லை. கைதட்டல் பலமாகவே இருந்தது. மருந்துக்கடைக்காரர் விசிலே அடித்தார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மனைவி மட்டும், பக்கத்திலிருந்த தன் தம்பியின் காதில், “டேய், யாராவது கரண்டை நிறுத்தச் சொல்லுடா” என்றாள்.

சலவைக்கடைக்காரருக்குப் பிறக்கும்போதே இடது கை முழங்கையோடு முடிந்திருந்தது. மீதிக் கை எங்கே என்று கண்ணால் தேடும் புது வாடிக்கையாளர்களிடம், “வெளுக்கப் போட்டிருக்கேன், இன்னும் வரலை” என்பார். சிரிப்பதா வேண்டாமா என்று அவர்கள் தவித்துக்கொண்டிருக்கும்போதே மனைவி துணிகளை எண்ணி, சீட்டுக் கிழித்து, “வியாழக்கிழமை வாங்க” என்று அனுப்பிவைத்துவிடுவாள். கடையின் முன்பக்கம் அவளுடைய ராஜ்ஜியம். பேனா, பஸ் டிக்கெட், ஒருமுறை ஒரு பொய்ப்பல் செட் என்று பைகளில் மறந்துபோன சாமான்களை எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவைத்து, உரியவர்களிடம் சேர்ப்பித்துவருகிறாள். பின்பக்கம் அவருடையது. கூரையிலிருந்து குழாய் தொங்கும் நீராவி இஸ்திரிப்பெட்டியை வலது கையில் பிடித்து, இடது முழங்கையால் காலரை அமுக்கி, அவர் ஒரு சட்டையை முடிக்கும் வேகத்தைப் பார்த்தால், இரண்டு கை உள்ளவர்கள் ஒரு கையைச் சும்மா சம்பளத்துக்கு வைத்திருக்கிறார்களோ என்று தோன்றும்.

அவரை யாரும் பிடித்ததில்லை என்பதற்குச் சின்ன வயதிலிருந்தே ஆதாரம் உண்டு. ஓடிப்பிடிக்கும் விளையாட்டில் அவரைத் தொட முடியாமல் பையன்கள் வெறுத்துப்போய், விளையாட்டையே மாற்றி ஒளிந்துபிடிக்குத் தாவினார்கள் என்பது அவர் தரும் தகவல். “ஜெயிச்சிட்டேன் ஜெயிச்சிட்டேன்னு காது ஓட்டையாகிற வரைக்கும் சொல்லுவான். ஒளிஞ்சுபிடின்னா கொஞ்ச நேரமாவது வாயை மூடிட்டு இருப்பானேன்னு மாத்தினோம்” என்பது கூடப் படித்த டயர்க்கடைக்காரர் தரும் தகவல். வரலாற்றில் இரு கருத்துகள் இருப்பது சகஜம்.

இனி மச்சினன். மனைவியின் தம்பியான இவன் எதிர்வரிசைச் செருப்புக்கடையில் விற்பனையாளன். ஒரு விபத்தில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவன். விற்பனையில் அவனை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. “ஷூ கடிக்குமா தம்பி?” என்று யாராவது சந்தேகப்பட்டால், பேன்ட்டைத் தூக்கித் தன் செயற்கைக் காலில் மாட்டியிருக்கும் அதே ஷூவைக் காட்டி, “மூணு வருஷமா போட்டிருக்கேன் சார், இந்தக் காலைக் கடிச்சதே இல்ல” என்பான். அது முழு உண்மை என்பதால் முதலாளியாலும் கண்டிக்க முடிவதில்லை. கடைக்கு வரும்போது ஷூ மாட்டிய கால். மைதானத்துக்குப் போகும்போது வில்லைப் போல வளைந்த பிளேடு கால். அந்தப் பிளேடுக்குக் குதிகால் கிடையாது. நுனியில் சின்னதாக ஒரு அடிப்பட்டை மட்டும். அதை மாட்டிக்கொண்டால் மச்சினன் நடக்கமாட்டான், துள்ளுவான்.

மாமனையும் மச்சினனையும் ஒரே அணியில் சேர்த்தவர் பயிற்சியாளர் அம்மாள். எலும்பு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்ப்பவர். விசிலைக் கழுத்தில் மாட்டியிருப்பாரே தவிர ஊதியதில்லை; அவருடைய குரலுக்கு அது தேவைப்படவில்லை. நான்கு பேர் ஓடும் நானூறு மீட்டர் தொடர் ஓட்டத்துக்கு முதலில் வங்கிக் காசாளர், இரண்டாவது கணக்கு வாத்தியார், மூன்றாவது மச்சினன், கடைசியாகச் சலவைக்கடைக்காரர் என்று அவர் வரிசை போட்டார். முதல் இருவரும் சொன்ன இடத்தில் நின்று, சொன்ன நேரத்தில் ஓடி, கொடுத்த வாழைப்பழத்தைச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் உத்தமர்கள். எனவே அவர்களைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை.

கை குறைந்தவர்களும் கால் குறைந்தவர்களும் கலந்து ஓடும் இந்தப் போட்டியில் கைமாற்றிக் கொடுக்கும் ரிலே கோல் கிடையாது. கோலைப் பிடிக்க எல்லோருக்கும் கை வேண்டாமா? அதனால் ஓடி வருகிறவன், முன்னால் ஓடத் தொடங்கியிருக்கிறவனைத் தொட வேண்டும். அவ்வளவுதான் சட்டம். ஆனால் தொடுவது தரையில் கோடு போட்ட ஒரு கட்டத்துக்குள் நடந்தாக வேண்டும். கட்டத்தைத் தாண்டித் தொட்டாலும் தொடவே இல்லை என்றாலும் அணி அவுட்.

அதாவது, தன்னைத் தொட ஒருவன் பிறந்து வர வேண்டும் என்று மைக்கில் அறிவித்த மனிதரை, ஒருவன் தொட்டால்தான் ஜெயிக்க முடியும் என்கிற விளையாட்டில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார் அம்மாள். இதைச் சுட்டிக்காட்டியபோது சலவைக்கடைக்காரர் கொஞ்சமும் அசரவில்லை.

“ரிலேவுல தொடுறது கணக்குல வராது மேடம். அது நானா பார்த்து அனுமதிக்கிறது.”

“அப்ப அனுமதி கொடுங்க சார், கட்டத்துக்குள்ள” என்றார் அம்மாள்.

இதற்கு ஒரு வழிமுறை உண்டு. கட்டத்துக்குப் பின்னால் இத்தனை அடி தள்ளி, தரையில் ஒரு வெள்ளைப் பிளாஸ்திரியை ஒட்டிவைக்க வேண்டும். பின்னால் வருகிறவன் பிளாஸ்திரியை மிதித்ததும் முன்னால் நிற்பவன் கிளம்ப வேண்டும். கிளம்பியவன் திரும்பிப் பார்க்கக் கூடாது; பார்த்தால் வேகம் போச்சு. இந்த ‘இத்தனை அடி’யைக் குதிகாலும் நுனியும் ஒட்ட ஒட்டப் பாதம் வைத்து அளப்பார்கள். உள்ளூர்ப் பயிற்சியில் அந்த வேலையைச் சலவைக்கடைக்காரர் மச்சினனிடம் விட்டுவிட்டார். “கால் அளவு எடுக்கிறது உன் தொழில்டா மாப்ள. நான் என்னத்துக்கு?” மச்சினனும் அளந்து, இருபத்தைந்து அடி என்றான். இருபத்தைந்து அடியில் எல்லாம் கச்சிதமாக அமைந்தது. முதுகில் தட்டு விழும், இவர் பறப்பார். அம்மாளே ஒருமுறை “பரவாயில்லை” என்றார். அவர் அகராதியில் அதற்கு மேல் பாராட்டு இல்லை.

முதல் பன்னாட்டுப் போட்டிக்கு விமானம் ஏறினார்கள். அங்கே மச்சினன் நிற்க வேண்டிய இடம் நூறு மீட்டர் தள்ளி. ஆகவே கடைசி ஓட்டக்காரர் தன் பிளாஸ்திரியைத் தானே ஒட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. அவரும் இருபத்தைந்து அடி அளந்து ஒட்டினார். துப்பாக்கி வெடித்தது. காசாளர் ஓடினார், வாத்தியார் ஓடினார், மச்சினன் வளைவில் இரண்டு பேரைத் தாண்டி வந்து பிளாஸ்திரியை மிதித்தான். சலவைக்கடைக்காரர் கிளம்பினார்.

என்ன ஒரு கிளம்பல்! அரங்கமே எழுந்து நின்றது. அவர் ஓடினார், ஓடினார், எல்லோருக்கும் முன்னால் ஓடிக் கோட்டைத் தாண்டினார். வலது கையையும் இடது முழங்கையையும் உயர்த்தி, அரைவட்டம் சுற்றி, கூட்டத்தைப் பார்த்துத் தலை வணங்கினார். முன்வரிசையில் ஒரு குடும்பத்தோடு படம் எடுத்துக்கொண்டார். பிறகுதான், மச்சினன் தடத்தின் நடுவே நீட்டிய கையை மடக்காமல் அப்படியே நின்றுகொண்டிருப்பது தெரிந்தது. அந்தக் கைக்கும் இவர் முதுகுக்கும் இடையில் அன்றைக்கு எந்தத் தொடர்பும் ஏற்பட்டிருக்கவில்லை. நடுவர் சிவப்புக் கொடியை ஆட்டிக்கொண்டிருந்தார்.

தங்கும் அறையில் விசாரணை நடந்தது.

“மாமா, நான் கையை நீட்டினேன். அங்க உங்க முதுகு இல்ல.”

“முதுகு என்கூடத்தான் இருந்துச்சு. நீதான் இல்ல.”

“ஆள் வர்றதுக்கு முன்னாடியே ஓடிட்டா எப்படித் தொடுறது? தந்தி அடிக்கவா?”

“நீ பிளாஸ்திரியை மிதிச்ச, நான் கிளம்பினேன். மிதிச்சவன் வந்து சேரணும்ல? என்னைப் பிடிக்க முடியலன்னா முடியலன்னு சொல்லு. அதுல ஒண்ணும் கேவலம் இல்ல. யாராலயும்தான் முடியாது.”

இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னார். அதிலிருந்து இருவருக்கும் பேச்சு நின்றது.

ஊர் திரும்பியதும் மச்சினன் ஒரு மாபாதகம் செய்தான். தன் சட்டைகளை அடுத்த தெரு சலவைக்கடையில் போட்டான். போட்டதோடு நிற்காமல், அந்தக் கடையின் பெயர் போட்ட பிளாஸ்டிக் உறையோடு அவற்றைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு அக்காள் கடை வழியாகவே மெதுவாக நடந்துபோனான். பதிலுக்குச் சலவைக்கடைக்காரர் நடைபாதையில் ஒரு ஜோடிச் செருப்பு வாங்கி, அதைப் போட்டுக்கொண்டு செருப்புக்கடை வாசலில் நின்று டீ குடித்தார். அந்தச் செருப்பு இரண்டு குதிகாலையும் பதம் பார்த்தது.

“கடிக்குதா?” என்றாள் மனைவி.

“சேச்சே. புதுசு, பழகணும்.”

“ரெண்டு பேருக்கும் வெட்கமா இல்ல? அவன் சட்டை காலர்ல மஞ்சள் கறை அப்படியே இருக்கு. உங்க குதிகால் ரெண்டும் வெந்துபோயிருக்கு. நல்லா நடத்துறீங்க யுத்தம்.”

மாதங்கள் இப்படியே போயிருக்கும். அடுத்த பன்னாட்டுப் போட்டிக்கு அணியை அனுப்ப வேண்டிய நாள் நெருங்கியதும் அம்மாள் இருவரையும் ஆஸ்பத்திரிக்கு வரவழைத்தார். ஒரு நோயாளியின் முழங்காலை மடக்கி நீட்டிக்கொண்டே பேசினார். பாவம், அந்த நோயாளிதான் மிரண்டுபோனார்.

“கடைசிக் கைமாற்றலுக்கு வேற ரெண்டு பேரை என்னால தேட முடியும். ஆனா தேடலை. இந்தப் போட்டி ஒண்ணு. இதுலயும் நீங்க தொடாம வந்தா மாமனுக்கும் மச்சானுக்கும் சேர்த்து டாட்டா. தனியா நூறு மீட்டர் ஓடுங்க, தனியா படம் எடுத்துக்குங்க. அணி கிடையாது. புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது” என்றார் நோயாளி, பயத்தில்.

சலவைக்கடைக்காரருக்கு வெளியே சொல்லிக்கொள்ள முடியாத ஒரு விஷயம் இருந்தது. தனி ஓட்டத்தில் அவர் ஜெயித்துக் கோட்டைத் தாண்டினால், எதிரே கைகுலுக்க வருகிறவர்கள் எல்லோரும் அவரிடம் தோற்றவர்கள். பல்லைக் கடித்துக்கொண்டு குலுக்குவார்கள். நால்வர் ஓட்டத்தில் மட்டும்தான், கோட்டைத் தாண்டினதும் மூன்று பேர் ‘மாமா’ என்றும் ‘யோவ்’ என்றும் கத்திக்கொண்டு ஓடி வந்து மேலே விழுவார்கள். அது அவருக்குப் பிடித்திருந்தது. உள்ளூர்ப் பயிற்சியிலேயே பிடித்திருந்தது. அதை இழக்க அவருக்கு மனசில்லை. ஆனால் இதை எல்லாம் ஒரு மனிதன் எப்படி வாயால் சொல்வது? அதற்குப் பதில், “மேடம், என் பக்கம் தப்பே இல்ல” என்றார்.

மறுநாள் பயிற்சிக்கு மனைவியும் வந்தாள். வந்தே தீர வேண்டியிருந்தது. இரண்டு பேரும் ஒரே தடத்தில் நின்றுகொண்டு அவள் வழியாகத்தான் பேசினார்கள்.

“அக்கா, மாமாவை அந்தக் கோட்டுக்கு உள்ள நிக்கச் சொல்லு.”

“உன் தம்பிகிட்ட சொல்லு, எங்க நிக்கணும்னு எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சா சரி. போன தடவை நிக்கவே இல்லையேன்னு கேட்டேன்னு சொல்லு.”

“ரெண்டு பேரும் செத்த நேரம் வாயை மூடுங்க. டேய், நீ என்ன பண்ற அங்க?”

மச்சினன் பிளாஸ்திரிக்கு இடம் அளந்துகொண்டிருந்தான். ஷூ போட்ட வலது காலை வைத்தான். அதன் நுனியை ஒட்டிப் பிளேடின் அடிப்பட்டையை வைத்தான். மறுபடி ஷூ. மறுபடி பிளேடு. அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள்.

“என்னடா இது, ஒரு கால் முழம், ஒரு கால் சாண்?”

“எப்பவும் இப்படித்தான் அக்கா அளப்பேன். இருபத்தஞ்சு.”

அவள் சிரிப்பு நின்றது. புருஷன் பக்கம் திரும்பினாள்.

“அங்க போனப்ப யாருங்க அளந்தது?”

“நான்தான். இவன் சொன்ன அதே இருபத்தஞ்சு. ஒண்ணு கூடல, குறையல.”

“எந்தக் காலால?”

“என் காலாலதான். வேற யார் காலைக் கடன் வாங்க முடியும்?”

சொல்லி முடிக்கும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது. மெல்லக் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். இரண்டும் முழுசு. இரண்டிலும் முழு ஷூ. மச்சினனின் பிளேடைப் பார்த்தார். மனைவி பிளாஸ்திரி உருளையை அவரிடம் நீட்டினாள். அவர் தன் காலால் இருபத்தைந்து அளந்து ஒட்டினார். இரண்டு பிளாஸ்திரிகளுக்கும் நடுவில் ஒரு ஸ்கூட்டரை நிறுத்தலாம் போல இடம் இருந்தது. போன தடவை இவர் ஒரு ஸ்கூட்டர் நீளம் முன்கூட்டியே ஓட்டம் பிடித்திருக்கிறார். பின்னால் வந்த பிள்ளை என்னதான் துள்ளினாலும் எட்டுமா?

ஒருவன் பாதிக் காலால் அளந்து சொன்னான், இன்னொருவர் முழுக் காலால் அளந்து ஒட்டினார். பல மாதச் சண்டைக்கும் காலர் கறைக்கும் குதிகால் புண்ணுக்கும் காரணம் இவ்வளவுதான்.

“நீங்களே அளந்திருக்கலாம்ல மாமா, அப்பவே?”

“காலளவு உன் தொழிலாச்சேன்னு விட்டேன்டா.”

“கடையில நான் அடுத்தவன் காலைத்தானே அளக்கிறேன்? என் காலை எப்ப அளந்தேன்?”

முதலில் சிரித்தது யார் என்பதில் இன்றுவரை தகராறு உண்டு. மறுநாள் காலை மச்சினன் தன் சட்டைகளை ஒரு பையில் கட்டிக்கொண்டு வந்து அக்காள் முன்னால் வைத்தான். அடுத்த தெருக் கடைக்காரனின் அடையாளத் துண்டு இன்னும் காலரில் ஊக்கோடு குத்தியிருந்தது. சலவைக்கடைக்காரர் அந்த ஊக்கை இரண்டு விரலால் கழற்றி, செத்த எலியைப் பிடிப்பதுபோல் பிடித்துக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டார்.

அம்மாள் மட்டும் முழு மன்னிப்பு வழங்கவில்லை.

“பிளாஸ்திரி தப்புன்னே வெச்சுக்குவோம். பின்னாடி ஆள் நெருங்கலன்னு காதுல கேட்டிருக்கும்ல? கொஞ்சம் வேகத்தைக் குறைச்சிருந்தா தொட்டிருப்பான்.”

“குறைக்கிறதா?” சலவைக்கடைக்காரர் நெஞ்சில் கை வைத்தார். “மேடம், என் உடம்புல அந்த ஸ்விட்சே கிடையாது.”

“அப்ப ஒண்ணு வாங்கி மாட்டுங்க.”

மறுபடி விமானம். மறுபடி ஒரு வெளியூர் அறை. நாலு கட்டில், ஒரு ஜன்னல், சுவர் ஓரமாகச் சாத்திவைத்த மச்சினனின் ஷூ மாட்டிய கால், நாற்காலியில் காயும், காலில் மாட்டிப் பிளேடுக்குள் நுழைக்கிற உள்ளுறை. சலவைக்கடைக்காரர் விடுதி இஸ்திரிப்பெட்டியை வாங்கி நாலு பேரின் பனியன்களையும் தேய்த்து, விடுதிக்காரர்களின் இஸ்திரி முறை குறித்து ஒரு சிற்றுரையும் ஆற்றினார். அவர்களுக்கு மொழி புரியாததால் புன்னகைத்தார்கள்.

காலையில் தகுதிச் சுற்று. இந்தத் தடவை அவர் தன் காலால், அந்தக் காலுக்கென்று புதிதாகக் கண்டுபிடித்த எண்ணிக்கையில் அளந்து ஒட்டினார். மச்சினன் மிதித்தான், இவர் கிளம்பினார், கட்டம் முடியப் போகிற இடத்தில் பனியனில் லேசாக ஏதோ உரசியது. நடுவர் வெள்ளைக் கொடி காட்டினார். அணி இறுதிச் சுற்றுக்குப் போனது. அறைக்குத் திரும்பியதும் மச்சினன் கட்டிலில் ஏறி நின்று ஆடினான்.

“தொட்டுட்டேன்! மாமாவைத் தொட்டுட்டேன்!”

“பனியனைத் தொட்ட” என்றார் சலவைக்கடைக்காரர்.

“பனியனுக்குள்ள யார் இருந்தா?”

“நான் இருந்தேன். ஆனா நீ தொட்டது துணியை. துணி வேற, ஆள் வேற. இருபது வருஷமா சலவை பண்றவன் சொல்றேன், எனக்குத் தெரியாதா?”

காசாளரும் கணக்கு வாத்தியாரும் இந்தச் சட்டச் சிக்கலில் தலையிடாமல் வாழைப்பழம் உரித்தார்கள். ஆக, பிரகடனம் இன்னும் அமலில்தான் இருந்தது.

மாலையில் இறுதிச் சுற்று. வெயில் இறங்கவே இல்லை. ஒரே நாளில் இரண்டாவது ஓட்டம் என்பதால் பிளேடின் உள்ளுறை மச்சினனின் காலில் வியர்த்து வழுக்கியது. துடைத்து மாட்டினான், மறுபடி வழுக்கியது. யாரிடமும் சொல்லவில்லை. மாமாவிடம் சொன்னால் என்ன பதில் வரும் என்று அவனுக்குத் தெரியும்.

சலவைக்கடைக்காரர் தன் தடத்தில் குனிந்து நின்று காலிடுக்கு வழியே பின்னால் பார்த்தார். துப்பாக்கி வெடித்தது. காசாளர் வந்தார், வாத்தியாரைத் தொட்டார். வாத்தியார் வந்தார், மச்சினனைத் தொட்டார். மச்சினன் வளைவில் புறப்பட்டபோது அணி மூன்றாவதாக இருந்தது. பாதி வளைவில் அவன் ஓட்டம் கொஞ்சம் கோணியது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓடிவந்தான். பிளாஸ்திரியை மிதித்தான்.

இவர் கிளம்பினார்.

கிளம்பியபின் பார்க்க முடியாது, கேட்கத்தான் முடியும். ஷூ ஒரு சத்தம், பிளேடு ஒரு சத்தம். தொம், டக், தொம், டக். அது நெருங்க வேண்டும். ஒவ்வொரு எட்டுக்கும் நெருங்கிக்கொண்டே வர வேண்டும். வரவில்லை. தொம் கேட்டது, டக் வருவதற்குத் தாமதமானது. சத்தம் பின்தங்கியது. கட்டத்தின் கடைசிக் கோடு இவர் கண்ணுக்குத் தெரிந்தது. இடப்பக்கத் தடத்தில் ஒருவன் தட்டு வாங்கிக்கொண்டு பறந்தான். வலப்பக்கத்திலும் ஒருவன் போய்விட்டான். கால் இரண்டும் கெஞ்சின, போகலாம் போகலாம் என்று. பிறந்ததிலிருந்து அந்தக் கால்கள் கேட்டதற்கு அவர் இல்லை என்று சொன்னதே கிடையாது.

சலவைக்கடைக்காரர் எட்டைச் சுருக்கினார். முதலில் கொஞ்சம். தொம் இன்னும் தூரத்தில்தான் இருந்தது. இன்னும் சுருக்கினார். அரங்கத்தில் யாரோ அவர் மொழியில் “ஓடு, ஓடு!” என்று கத்தினார்கள். அவர் ஏறக்குறைய நடந்துகொண்டிருந்தார். கோட்டுக்கு இன்னும் ஒரு பாய் விரிக்கிற தூரம். முதுகைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துக்கூடக் கொடுத்தார்.

பனியன் இல்லை, விரல் இல்லை. முழு உள்ளங்கை, வியர்வையோடு, நடு முதுகில் பளார் என்று விழுந்தது. பின்னால் மச்சினன் “மாமா!” என்று அலறியபடி தரையில் உருண்டான்.

அதன்பின் அவர் ஓடிய ஓட்டத்தைப் பற்றி அம்மாள், “பரவாயில்லை, ரொம்பவே பரவாயில்லை” என்று அகராதியையே திருத்தி எழுதினார். ஐந்தாவதாகக் கிளம்பி நாலாவதாகக் கோட்டைத் தாண்டினார். பிறகு நடுவர்கள் கூடிப் பேசினார்கள். இரண்டாவதாக வந்த அணியில் ஒருவன் கட்டத்தைத் தாண்டித்தான் தொடப்பட்டிருந்தான். சிவப்புக் கொடி ஏறியது, நாலாவது மூன்றாவது ஆனது. ஒரு வெண்கலப் பதக்கம் பாதி ஓடிச் சம்பாதித்தது, பாதி அடுத்தவன் அவசரத்தில் விழுந்தது. இருந்தாலும் கழுத்தில் போட்டால் முழுப் பதக்கத்தின் கனம்தான் இருந்தது. மூன்று பேர் ‘மாமா’ என்றும் ‘யோவ்’ என்றும் கத்திக்கொண்டு வந்து அவர் மேல் விழுந்தார்கள். உத்தமர்களும் விழுந்தார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

ஊர் வந்து சேர்ந்த வாரம் முழுக்கச் செருப்புக்கடையில் வியாபாரம் நடக்கவில்லை, கதாகாலட்சேபம்தான் நடந்தது. பிறகு மச்சினன் மேடையை அக்காள் கடைக்கு மாற்றினான். துணி வாங்க வந்தவர்கள் கவுன்ட்டரில் கை ஊன்றிக்கொண்டு கேட்டார்கள்.

“பிளேடு வழுக்குது. மாமா முன்னாடி புயல் மாதிரி போறார். எல்லாரும் முடிஞ்சுதுன்னு நினைச்சாங்க. நான் நினைக்கல. விட்டேன் பாருங்க ஒரு ஓட்டம், அப்படியே எட்டிப் புடிச்சு, பளார்னு! யாராலயும் தொட முடியாத ஆளு சார். நான் தொட்டேன்.”

உள்ளே நீராவி சீறிக்கொண்டிருந்தது. மனைவி கவுன்ட்டருக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, அம்மாள் அனுப்பிய வீடியோவைப் போனில் ஓட்டி ஓட்டிப் பார்த்தாள். ஒரு இடத்தில் நிறுத்தினாள். கொஞ்சம் பின்னால் தள்ளி மறுபடி ஓடவிட்டாள். எழுந்து உள்ளே போனாள்.

“என்னங்க, இங்க பாருங்க. இந்த இடத்துல நீங்க...”

“அந்த நீலச் சட்டையை எடு” என்றார் அவர், போனைப் பார்க்காமல்.

அவள் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். போனைத் திரை தெரியாமல் கவிழ்த்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வாசலில் டயர்க்கடைக்காரரும் வந்து சேர்ந்திருந்தார். ஒளிந்துபிடி காலத்திலிருந்து இந்த ஒரு நாளுக்காகக் காத்திருந்த முகம். கூட்டத்தின் தலைகளுக்கு மேலாக உள்ளே எட்டிப்பார்த்துக் கத்தினார்.

“ஏம்ப்பா, உன் மச்சான் சொல்றது நிஜமா? துரத்திப் பிடிச்சுத் தொட்டுட்டானா உன்னை?”

கவுன்ட்டரில் நின்ற தலைகள் எல்லாம் உள்பக்கம் திரும்பின. மச்சினன் கூடத் திரும்பினான். பனியன் வேறு, ஆள் வேறு என்கிற வாதம் வரும் என்று அவன் பதில் தயாராக வைத்திருந்தான்.

சலவைக்கடைக்காரர் நீலச் சட்டையின் காலரை இடது முழங்கையால் அமுக்கினார். இஸ்திரிப்பெட்டியை ஒருமுறை இழுத்தார்.

“தொட்டுட்டான். முழுக் கையும் முதுகுல விழுந்துச்சு.”

“எப்படிப்பா பிடிச்சான்?”

“நல்லா ஓடினான்” என்று சொல்லிவிட்டு, அவர் சட்டையை மறுபக்கம் திருப்பிப்போட்டார்.